“சாராயம் காய்ச்சறியாமே?” – பீரும் தேறலும்: ஊரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் ஓசூர். அம்மா வழி தருமபுரி, அப்பா வழி கிருஷ்ணகிரி. பெங்களூரில் ஒரு மைக்ரோபுரூவரியில், அதாவது சின்ன பீர் ஆலையில், பீர் தயாரிக்கும் வேலை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று எங்கே தலையைக் காட்டினாலும் பந்தியில் இடம் பிடிப்பதற்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்டவர்கள் வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏம்ப்பா, நீ பெங்களூர்ல சாராயம் காய்ச்சறியாமே?

இல்லைங்க மாமா. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நம்ம பேச்சு அப்படி. கள்ளை இறக்குகிறோம், சாராயத்தைக் காய்ச்சுகிறோம். பீருக்கென்று நம்மிடம் ஒரு வினைச்சொல் கிடையாது. அதனால் “பையன் பீர் காய்ச்சறான்” என்று யாராவது சொன்னதும் உங்கள் காதில் சாராயமாகத்தான் விழுகிறது.

பேப்பரில் “சாராய ஊறல் அழிப்பு” என்று படம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். வெல்லமோ பழமோ போட்டுப் புளிக்க வைத்தது ஊறல். அதை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச்சொட்டாகப் பிடித்தால் சாராயம். பீரில் அந்த இரண்டாவது கட்டமே இல்லை. நாங்களும் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம், ஆனால் அது ஈஸ்ட் போடுவதற்கு முன்னால். ஈஸ்ட் உள்ளே போன பிறகு நெருப்புக்கு வேலையில்லை, குளிருக்குத்தான் வேலை.

குடிச்சா கண்ணு போயிடாதா?

இந்தப் பயம் நம்ம பக்கம் வெறும் வதந்தியில் வந்ததில்லை. 2008 மே மாதம் கர்நாடக எல்லையிலும் கிருஷ்ணகிரி பக்கமும் விஷச் சாராயத்தில் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கண்ணைப் பறிப்பது மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்கான சரக்கு. போதைக்காகவும் லாபத்துக்காகவும் அதைக் கொண்டுவந்து கலப்பதால்தான் சாவு விழுகிறது. தானியத்தை ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது உண்டாவது எத்தனால். பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து துளியளவு மெத்தனால் வரும், ஆபத்தான அளவுக்கு வராது. பீரால் கண் போகாது. கல்லீரல் வேறு கதை, அதை டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, நம்ம வீட்லயே போட்டுக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் பீர், கள், ஒயின் எல்லாமே மதுதான். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். “நான் குடிக்கத்தான் போட்டேன், விக்கலை” என்ற சமாதானம் எடுபடாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கடுமையாக்கிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு உறவுமுறையே உண்டு. ராஜாஜி பிறந்தது ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில், 1878இல். அவர் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இருந்தன. தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். ஆக மாகாணத்திலேயே முதலில் கள்ளுக்கடை மூடிய சீமை நம்முடையது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, பிறகு மறுபடி இறுக்கி, 1987இல் கள்ளுக்கு அடைத்த கதவு இன்னும் திறக்கவில்லை. டாஸ்மாக் கடை மட்டும் 2003இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை உங்கள் வீட்டுக் குடத்தில் ஊற்றிப் புளிக்க வைக்கச் சொல்ல மாட்டேன்.

எல்லை தாண்டினால் சரியாகிவிடுமா என்றால், கர்நாடகத்திலும் 1965ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். அங்கே மைக்ரோபுரூவரிக்கு உரிமம் கொடுக்கிறார்கள், அதனால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. இந்திராநகரில் டாய்ட் என்ற மைக்ரோபுரூவரி திறந்தது 2010இல். அதற்குப் பிறகு வரிசையாக வந்துவிட்டன.

வர்றப்ப ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வாயேன்?

மாட்டேன் மச்சான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் என் பையைத் திறந்து காட்டும் ஆசை எனக்கில்லை. நீங்கள் பஸ் ஏறி வந்தால் அங்கேயே வாங்கித் தருகிறேன்.

பீர் எப்படித்தான் உண்டாகுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. அவருக்கு அவர் அடுக்களையிலேயே காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள், இதில் ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது.

குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க ராகியை முளைகட்டுவீர்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, வெள்ளைத் துணியில் கட்டி, இடையில் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வைத்தால் வெள்ளை வேர் நூல் மாதிரி நீளும். வெயிலில் உலர்த்தித் தேய்த்தால் அந்த வேர் உதிர்ந்துவிடும். நீங்கள் செய்தது மால்ட். பார்லியை வைத்து ஜெர்மனியில் செய்தாலும் இதே வேலைதான், அளவுதான் பெரிது.

இப்போது சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சுங்கள், கரண்டி நிற்கும் பதத்துக்கு. அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு வரட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், விரல் நுனியை வைத்தவுடன் எடுத்துவிடத் தோன்றும் சூடு. அதில் வறுக்காத முளைராகி மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிஷத்துக்குள் கெட்டிக்கூழ் மோர் மாதிரி இளகிவிடும். இன்னும் கொஞ்ச நேரம் அதே சூட்டில் வைத்து நக்கிப் பார்த்தால் இனிக்கும். பெரியம்மா “என்னடா, சர்க்கரை போட்டியா?” என்று என் கையைப் பார்த்தார்.

சர்க்கரை போடவில்லை. முளைக்கும் விதை, தன் மாவுச்சத்தை உடைத்துச் சாப்பிட அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நாம் அந்த நொதியைக் கடன் வாங்கி, கூழின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிட்டோம். குழந்தைக்கு முளைகட்டிய கஞ்சி நீர்க்க இருப்பதும், சீக்கிரம் செரிப்பதும் இதனால்தான். முளைராகியைக் கருக வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும், கூழ் இளகாது. வறுத்தது ஒன்று, வறுக்காதது ஒன்று என்று இரண்டு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள், பள்ளிக்கூடப் பாடத்தைவிட நன்றாகப் புரியும்.

பீருக்கான மீதி வேலை சுருக்கமானது. அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, சட்டென்று குளிரவைத்து, ஈஸ்ட் போடுகிறோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் நாட்டில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது.

அப்போ ராகியிலயே முழுசா பீர் போடலாமே? நம்மூர்ல இல்லாத ராகியா?

போடலாம். சிக்கிமில் ராகியைப் புளிக்க வைத்து, மூங்கில் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். பெயர் தோங்பா. ஆனால் எங்கள் பாத்திரங்களில் முழு ராகி சண்டித்தனம் பண்ணும். பார்லிக்கு உமி உண்டு, அந்த உமியே வடிகட்டியாகப் படுத்துக்கொள்ளும். ராகிக்கு உமி இல்லை. வெந்ததும் களியாகி அடியில் அப்பிக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்காது. முதல் தடவை பாதி ராகி போட்டுவிட்டு, நானும் இன்னொருவனும் இரவு பதினொரு மணி வரை துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தோம். தருமபுரிக்காரனுக்குக் களி கிண்டச் சொல்லித்தர வேண்டாம் என்று அவன் கிண்டல் வேறு. இப்போது ஐந்தில் ஒரு பங்கு ராகி, மீதி பார்லி. ராகியின் மாவுச்சத்து இளக பார்லியைவிட அதிகச் சூடு கேட்கும் என்பதால் தனியே கூழாகக் காய்ச்சி ஊற்றுகிறோம். லேசான மண் வாசனையும் கொழகொழப்பும் வரும். எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது.

கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடறதில்லையே, அது எப்படிப் புளிக்குது?

காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஈஸ்ட் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஏறினால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடங்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள்.

எங்க போர் தண்ணி உப்புக்கரிக்கும். அதுல பீர் வருமா?

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதனால் நல்ல கேள்வி. கூழில் மால்ட் கலக்கும் கட்டத்தில் பி.எச். என்ற புளிப்பு-கார அளவு 5.2 முதல் 5.6க்குள் இருந்தால்தான் நொதிகள் ஒழுங்காக வேலை செய்யும். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் பி.எச். மேலே ஏறும், வெளிர்நிற பீரில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். கறுப்பு மால்ட்டுக்குப் புளிப்பு உண்டு, அதனால் கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் கறுப்பு பீர் நன்றாக வரும். நாங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் வேண்டிய உப்பை அளந்து போடுகிறோம்.

தருமபுரித் தண்ணீரின் பெரிய வில்லன் ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கோடு விழுந்த தலைமுறை எங்கள் அம்மாவுடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது அதற்காகத்தான். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச்சுண்ட செறிவு கூடத்தான் செய்யும். இது பீருக்கு மட்டும் சொன்னதில்லை.

நம்ம வெயிலுக்கு ஈஸ்ட் தாங்குமா?

தாங்கும், ஆனால் தறிகெட்டு ஓடும். பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகை. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி, லாகருக்கு 8 முதல் 13. தருமபுரி சித்திரை வெயிலில் ஏல் ஈஸ்ட்டை விட்டால் பெயின்ட் தின்னர் மாதிரி வாசம் வரும், மறுநாள் தலைவலி நிச்சயம். “குட்டி இங்கிலாந்து” என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன தளி பக்கம் மார்கழி ராத்திரியில் ஏலுக்குக் குளிர்சாதனமே தேவைப்படாது என்று நினைத்துப் பெருமூச்சு விடுவேன். நார்வே கிராமங்களில் க்வெய்க் என்று ஒரு பரம்பரை ஈஸ்ட் உண்டு. 35 டிகிரியைத் தாண்டியும் சுத்தமாகப் புளிக்கும். பனி கொட்டும் நாட்டில் பழகிய ஈஸ்ட் நம்ம வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான்.

தேனில் மது உண்டாமே?

உண்டு. இங்கிலீஷில் மீட் என்பார்கள். தமிழில் அதற்கு அவர்களைவிட அழகான பெயர் இருக்கிறது: தேக்கள் தேறல். மூங்கில் குழாயில் ஊற்றிவைத்து விளைந்த தேன்கள்ளைக் குறவர்கள் சுற்றத்தோடு குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. தகடூர் என்ற நம்ம தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (235) தொடங்குவதே கள்ளில்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று. ஒரு அரசனுக்கு இதைவிட நல்ல நற்சான்று நான் படித்ததில்லை.

இன்று புனேயில் மூன்ஷைன், நாசிக்கில் செரானா என்று உரிமத்தோடு தயாரிக்கிறார்கள். செரானா என்பது நம்ம அடுக்குத் தேனீயின் அறிவியல் பெயரில் பாதி.

இன்னொரு விஷயம் நீங்களே கண்டிருப்பீர்கள். சித்தேரி மலையிலிருந்து வாங்கிய மலைத்தேன் கொஞ்ச நாளில் மேலே நுரை கட்டி, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் போடும். கலப்படம் என்று திட்டுவோம். பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் போனால் அதில் தூங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். முழுதாக மூடாத அடையைப் பிழிந்தாலும், மழைக்காலத்தில் எடுத்தாலும் நீர் கூடுதலாக இருக்கும்.

அமெரிக்காவுல இருக்கற தங்கச்சி வீட்டுக்காரர் வீட்லயே போடறாரே, அவருக்கு மட்டும் எப்படி?

அங்கே சட்டம் விடுகிறது. ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்துப் போட்ட சட்டப்படி ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் வருஷத்துக்கு 200 கேலன் வரை விற்காமல் தயாரிக்கலாம். மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ள 2013 வரை ஆனது. பிரிட்டனில் 1963இலேயே உரிமம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மாப்பிள்ளை என்னிடம் தேறல் கணக்குக் கேட்டார். அவருக்கு எழுதியது இது: ஒன்றரைக் கிலோ தேனோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் ஐந்து லிட்டர். தேனைக் கொதிக்க விடாதீர்கள், மணம் போய்விடும். தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.085 பக்கம் காட்டும். லால்வின் 71பி மாதிரி ஒயின் ஈஸ்ட். தேனில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு என்பதால் ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடியை முதல் சில நாட்களில் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அழுகின முட்டை வாசம். 1.000க்கு இறங்கி நின்றதும், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். இங்கே சுமார் 11. பிறகு ஆறு மாதம் தொடாமல் வையுங்கள். அவர் ஆறு வாரத்தில் திறந்துவிட்டு “மருந்து மாதிரி இருக்கு” என்று போன் பண்ணினார். பின்னே எப்படி இருக்கும்?

மாம்பழத்துல?

கிருஷ்ணகிரியில் இதைக் கேட்காத ஆளில்லை. மாம்பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும், மிஞ்சுவது மணமும் புளிப்பும்தான். பெங்களூரா ரகக் கூழ் மலிவு, புளிப்பு எடுப்பாக இருக்கும். அல்போன்சா மணம் நிற்கும். பீர் புளித்துப் பொங்கும் வேகம் அடங்கிய பிறகு, டின்னில் வரும் சூடுபடுத்திய கூழை அதில் சேர்க்கிறோம். தோட்டத்துப் பழத்தை நேரே பிழிந்து ஊற்றினால் தோலிலுள்ள காட்டு ஈஸ்ட்டும் விருந்துக்கு வந்துவிடும்.

இஞ்சி பீர்னு பசங்க வீட்ல செய்யறாங்களே?

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை போட்டு ஒரு நாள் மட்டும் நுரைக்க விட்டு ஃபிரிட்ஜில் வைப்பது குளிர்பானம். நாள் கூடினால் அது மதுவாகிவிடும், அங்கே மேலே சொன்ன சட்டம் வந்து நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்லூரி நாளில் நான் பழைய கண்ணாடி பாட்டில்களில் அடைத்துப் பரணில் வைத்து மறந்துவிட்டேன். ஏப்ரல் மாத மத்தியானம், அம்மா கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டில் வெடித்தபோது டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்தாராம். இரண்டாவது வெடித்ததும் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். அரிசி முழுக்கக் கண்ணாடித் தூள். பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான் பயன்படுத்த வேண்டும். அமுக்கிப் பார்த்துக் கல்லு மாதிரி இருந்தால் உடனே குளிரில் வையுங்கள்.

உங்க பீர்க்காரங்க கூடினா என்ன பண்ணுவீங்க? குடிச்சிட்டு ஆட்டமா?

வந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் கொண்டுவந்த பீரைப் பத்துப் பேருக்குக் கட்டிங்கைவிடக் கம்மியாக ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, பேப்பரில் எழுதிக்கொண்டிருப்போம். பி.ஜே.சி.பி. என்று 1985இல் தொடங்கிய நடுவர் அமைப்பின் தாள்தான் அளவுகோல். மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பது எனக்குப் பிடித்த கணக்கு. வெண்ணெய் வாசம் வந்தால் புளிக்க வைப்பதை அவசரமாக முடித்திருக்கிறான். கோதுமை பீரில் வாழைப்பழ வாசம் வந்தால் பாராட்டு, லாகரில் வந்தால் திட்டு. முகத்துக்கு நேரே சொல்வார்கள். என் முதல் பீருக்கு 19 கொடுத்தார்கள். அதைக் கொடுத்தவர்தான் பிறகு எனக்கு ஈஸ்ட் கழுவ, அதாவது ஒரு தடவை போட்ட ஈஸ்ட்டைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த, கற்றுக்கொடுத்தார்.

இந்த வேலைக்கு என்ன படிக்கணும்? எம் பையன் கேக்கறான்.

மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவுத் தொழில்நுட்பம், கெமிக்கல் இன்ஜினியரிங் எதுவானாலும் சரி. மேற்கொண்டு பீர் தயாரிப்புக்கென்றே லண்டன் ஐ.பி.டி. நிறுவனத்தின் தேர்வுகள், பெர்லின் வி.எல்.பி. நிறுவனத்தின் படிப்பு உண்டு. சேர்வதற்கு முன் ஒரு வாரம் அழைத்து வாருங்கள். எட்டு மணி நேர வேலையில் ஆறு மணி நேரம் கழுவல். காஸ்டிக் சோடா, ஆசிட், வெந்நீர், ரப்பர் பூட்ஸ். பெண் பார்க்கப் போனால் “ஃபுட் இண்டஸ்ட்ரி” என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொன்னேன். மாமனார் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

அந்தச் சக்கை என்ன ஆகுது? நமக்கு ரெண்டு மூட்டை கிடைக்குமா?

இதைக் கேட்டது முதல் கேள்வி கேட்ட அதே கிருஷ்ணகிரி மாமா. நாலு கறவை மாடு வைத்திருக்கிறார். கிடைக்கும் மாமா. சர்க்கரை போனபின் மிஞ்சும் பார்லிச் சக்கையில் புரதமும் நாரும் இருக்கும். ஈஸ்ட் போடுவதற்கு முன்பே வடித்தது என்பதால் போதை எதுவும் கிடையாது. ஆனால் முக்கால் பங்கு தண்ணீர். கிருஷ்ணகிரி வெயிலில் இரண்டாம் நாளே புளித்து வாடை வரும், பூஞ்சை பிடித்தால் மாட்டுக்குப் போடவே கூடாது. தவிடு, வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு உப்பும். செவ்வாய்க்கிழமை காலை வடிப்போம். வண்டியை ஒன்பது மணிக்குள் அனுப்புங்கள், மூட்டைகளையும் நீங்களே கொண்டுவர வேண்டும்.